செனெசீனோவின் சீசரை ஒரு கவுன்டர்டெனர் பாடியபோது: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜெர்மனியில் ஒரு சிறிய நகரம், அங்கே ஒரு கோடை இசைவிழா. ஆறு வார ஒத்திகை, நான்கு காட்சிகள். எடுத்துக்கொண்ட ஆப்பரா இசையமைப்பாளர் ஹாண்டலின் ‘ஜூலியோ சேசாரே’, அதாவது ஜூலியஸ் சீசர். ஒத்திகையில் இசைக்குழுவுக்குப் பதிலாகப் பியானோ வாசிப்பதும், பாடகர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பாடம் பார்ப்பதும் என் வேலை. ஆகவே நான் வெறும் பார்வையாளன் இல்லை. தவறிய இடங்களில் எனக்கும் பங்கு உண்டு. பெயர்களையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். பாடகரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சீசராக நடிக்க வந்தவருக்கு அப்போது 29 வயது. பேசினால் கனத்த பாரிட்டோன், அதாவது தாழ்ந்த ஆண் குரல். பாட வாயெடுத்தால் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ உயரத்தில் நிற்கும். கவுன்டர்டெனர்கள் பெரும்பாலும் இப்படித்தான். நம் ஊரில் கள்ளக்குரல், பொய்க்குரல் என்று சற்று இளக்காரமாகச் சொல்வதையே வருடக்கணக்கில் பழக்கி, மெருகேற்றி, அதையே தன் குரலாக ஆக்கிக்கொண்டவர்கள். இவர் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். பாஹ், பர்செல் நிறையப் பாடியிருந்தார். முழுநீள ஆப்பராவில் தலைமை வேடம் ஏற்பது இதுவே முதல் தடவை.

அந்த வேடத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஒரு ஸ்தாயி இறக்கி ஆண் குரலுக்குக் கொடுப்பது. கெட்டிங்கனில் 1922-இல் இந்த ஆப்பராவுக்கு மறுவாழ்வு கொடுத்தபோதும், நியூயார்க் சிட்டி ஆப்பரா 1966-இல் நார்மன் டிரீகிளை வைத்து மேடையேற்றியபோதும் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு, மெஸ்ஸோ சொப்ரானோ என்ற நடுத்தரக் குரல் பாடகி ஒருவரை ஆண் வேடத்தில் நிறுத்துவது. லண்டனில் 1979-இல் ஜேனட் பேக்கர், கிளைண்ட்போர்னில் 2005-இல் சாரா கோனொலி இரண்டு பேரும் அப்படிப் பாடியவர்கள். மூன்று, கவுன்டர்டெனர். எங்கள் இயக்குநர் மூன்றாவதைத் தவிர எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “ரோமானியத் தளபதி ஆணாக இருக்க வேண்டும், குரல் ஹாண்டல் எழுதிய உயரத்தில் இருக்க வேண்டும்” என்பது அவர் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் ஒளிந்திருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை: ஆணாகவும் இருந்து, உயரத்திலும் பாடிவிட்டால் அதுதான் அசலுக்கு மிக அருகில் என்ற நினைப்பு.

எழுதியது யாருக்காக

இந்த ஆப்பரா 1724 பிப்ரவரி 20 அன்று லண்டன் ஹேமார்க்கெட்டில் உள்ள கிங்ஸ் தியேட்டரில் முதலில் மேடையேறியது. சீசராகப் பாடியவர் செனெசீனோ. இயற்பெயர் பிரான்செஸ்கோ பெர்னார்டி. ஆல்ட்டோ காஸ்ட்ராட்டோ. எட்டு ஆரியாக்கள் (தனிப்பாட்டுகள்), இசைக்குழுவோடு கூடிய இரண்டு பெரிய உரைப்பாட்டுகள் (பேச்சுபோலப் பாடுபவை), முடிவில் கிளியோபாட்ராவோடு ஓர் இருவர் பாட்டு என்று அவர் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த வேடம் அது.

காஸ்ட்ராட்டோ என்றால் என்ன என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடலாம். குரல் உடையும் முன்பே சிறுவர்களின் விதைகளை அறுத்து, குரல்வளையை வளரவிடாமல் செய்தார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பையன்கள். 1770-இல் இத்தாலி போன ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி இதை எங்கே செய்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்தார். ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊரைக் கைகாட்டியது. அப்படி வளர்ந்தவர்களுக்குக் குரல் நாண்கள் குட்டையாகவே இருக்கும், எலும்புகளோ நீண்டுகொண்டே போகும். பெரியவரின் மார்புக்கூட்டுக்கு மேலே சிறுவனின் குரல்வளை. அதற்கு மேல் பத்து வருடம்போல விடாத பயிற்சி.

இந்த விஷயத்தில் முக்கியமானது ஒன்றுதான். காஸ்ட்ராட்டோ பாடியது பொய்க்குரலில் இல்லை. கீழ் சுரங்களை அவர் முழு மார்புக்குரலில், அதாவது பேச்சுக்குரலின் கனத்தோடு, பாடினார். கவுன்டர்டெனருக்கு நாண்கள் வளர்ந்த ஆணுடையவை. அவற்றை இழுத்து மெலிதாக்கி, ஓரங்களை மட்டும் அதிரவிட்டுப் பாடுகிறார். மேலே அது பளிச்சென்று ஒலிக்கும். கீழே இறங்க இறங்கக் காற்று கலந்து மங்கிவிடும்.

செனெசீனோவோ உயரத்துக்குப் பேர்போனவர் இல்லை. ஹாண்டல் அவருக்கு எழுதியவை, மிக விரிந்த அளவில் பார்த்தாலும், நடு சி-க்கு (பியானோவின் நடுவில் உள்ள சி சுரம்) கீழே உள்ள ஜி-யிலிருந்து மேல் ஸ்தாயி ஈ வரைதான். அவர் பெயரெடுத்தது நடுப்பகுதியின் கனத்திலும் உரைப்பாட்டின் கம்பீரத்திலும். அதாவது கவுன்டர்டெனர் குரல் எங்கே மெலிகிறதோ, அங்கேதான் அவருக்குச் சொத்தெல்லாம் இருந்தது. இந்த ஒரு வரியை முதல் நாளே கரும்பலகையில் எழுதி வைத்திருக்கலாம்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் இயக்குநர் ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டினார். அலெசாண்ட்ரோ மொரெஸ்கி, ரோமில் 1902-லும் 1904-லும் பதிவானவை. தனியாகப் பாடி ஒலிப்பதிவு விட்டுச் சென்ற காஸ்ட்ராட்டோ அவர் ஒருவர்தான். அறை அப்படியே அமைதியானது. கேட்கும்போது மயிர்க்கூச்செறியத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மொரெஸ்கி உயர்ந்த குரலான சொப்ரானோ, சிஸ்டைன் தேவாலயப் பாடகர், பதிவின்போது நாற்பதைக் கடந்தவர். ஆப்பரா மேடைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. செனெசீனோ காலத்துக்கும் அவருக்கும் ஏறத்தாழ 180 வருட இடைவெளி. “இந்தச் சக்திதான் வேண்டும்” என்றார் இயக்குநர். எங்கள் பாடகர் தலையாட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

பியானோ ஒத்திகைகள் நன்றாகவே போயின. சின்ன அறை, நான் மெதுவாக வாசிக்கிறேன், அவர் குரல் ஒவ்வொரு சுரத்திலும் கேட்கிறது. ‘வா தாச்சிதோ’ என்ற வேட்டைக்காரன் பாட்டை அவர் பாடிய விதம் அருமை. வேடன் ஓசைப்படாமல் பதுங்கிப் போவதுபோல ஒவ்வொரு சொல்லும் வரும். ‘எம்பியோ, திரோ’ சற்றுச் சிரமப்படுத்தியது. எதிரியான ரோமானியத் தளபதி பொம்பேயின் வெட்டுண்ட தலையைக் கொண்டுவந்து நீட்டும்போது சீசர் வெடிக்கும் பாட்டு. நம் பிருகாவைப் போன்ற வேக ஓட்டங்கள் இடைவிடாமல் வரும். ஓட்டங்கள் சுத்தமாக விழுந்தன. வரி கீழே இறங்கும் இடங்களில் மட்டும் ஒலி கொஞ்சம் தேய்ந்தது. என் குறிப்பேட்டில் “கீழே மெலிகிறது, இசைக்குழு வந்ததும் பார்க்கலாம்” என்று எழுதியிருக்கிறேன். இன்று படித்தால் என்மேலேயே கோபம் வருகிறது. ‘பார்க்கலாம்’ என்ற சொல் அந்த ஒத்திகையில் நிறையப் புழங்கியது.

இசைக்குழு வந்த நாள்

மூன்றாம் வாரம். பழைய பாணி வாத்தியங்கள், 415 சுருதி (வினாடிக்கு 415 அதிர்வு). இன்றைய வழக்கமான 440-ஐவிட ஏறக்குறைய அரைக் கட்டை இறக்கம். மேல் சுரங்கள் இலேசாகும் என்று பல பாடகர்களுக்கு இது பிடிக்கும். எங்களவருக்கு மேலே ஒரு சிரமமும் இருந்ததில்லை. சிரமம் கீழேதான், அது இன்னும் அரைப்படி கீழே போய்விட்டது. ஹாண்டலுடையது என்று சொல்லப்படும் சுருதிக்கவை 422.5 என்கிறது. இன்றைய குழுக்கள் 415 வைத்துக்கொள்வது சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட உடன்பாடு, வேதம் இல்லை. இதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல், மாதக்கணக்கு கழித்து இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

‘எம்பியோ’ ஆரம்பித்தது. வயலின்கள் உறுமின. பாடகர் வாயைத் திறந்தார். மேலே போகும்போது கேட்டது, கீழே இறங்கும்போது வாய் மட்டும் அசைந்தது. அரங்கத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த உதவி இயக்குநர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் காட்டினார். இசைக்குழுவை நடத்துபவரான நடத்துநர், “இன்னும் கொடுங்கள்” என்றார். கொடுத்தார். மூன்று நாள் கொடுத்துக்கொண்டே இருந்தார். பொய்க்குரலைக் கீழே தள்ளித் தள்ளிப் பாடினால் நாண்கள் சரியாக மூடாது. மூடவைக்கக் கழுத்துத் தசைகள் வேலைக்கு வரும். தாடை முன்னால் வருவதைப் பியானோவிலிருந்தே பார்த்தேன்.

அதே வாரத்தில் சுவரொட்டி வந்தது. “300 ஆண்டுகளுக்குப் பின் காஸ்ட்ராட்டோவின் குரல் மீண்டும்” என்று போட்டிருந்தார்கள். பாடகரைக் கேட்கவில்லை. நடத்துநருக்கும் தெரியாது. நுழைவாயிலில் அதன் முன் அவர் கொஞ்ச நேரம் நின்றார். “நான் செத்துப்போன ஒருவருக்கு டூப் போடுகிறேன் போல” என்றார். அன்று மாலை வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துப் பாடினார். ‘அல் லம்போ’ என்ற பாட்டின் ஓட்டத்தின் நடுவே குரல் பிளந்து, பாரிட்டோன் ஓசை ஒன்று வெளியே எகிறி விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இசைக்குழுவின் சத்தம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி அந்தச் சுவரொட்டியிலும் முதல் நாள் கேட்ட ஒலிப்பதிவிலும் இருந்தது. இல்லாத ஒரு கருவியின் ஒலியைத் தன் கருவியிலிருந்து எடுக்க அவர் முயன்றுகொண்டிருந்தார்.

தொண்டை

நான்காம் வாரம் திங்கள்கிழமை காலை பேச்சே கரகரத்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் நாண்களைக் கருவி வைத்துப் பார்த்தார். ஓரங்களில் வீக்கம், முடிச்சு ஏதும் இல்லை. நான்கு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அந்த நான்கு நாளும் பாடகர் ஒத்திகைக்கு வந்து, ஒரு சிலேட்டில் எழுதிப் பேசினார்.

அந்த மௌன நாட்கள்தான் தயாரிப்பைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன். பாட முடியாது என்பதால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

எடுத்த முடிவுகள்

முதலில் சுருதியைப் பார்த்தோம். 440-க்கு ஏற்றினால் என்ன? நரம்பு வாத்தியங்களை ஏற்றிவிடலாம். ஓபோவும் பசூனும் ரெக்கார்டரும் 415-க்கே கடைந்தவை, அவற்றை ஏற்ற முடியாது. அத்தனையையும் வேறு எடுக்கக் காசு இல்லை. அது அங்கேயே முடிந்தது.

அடுத்து, பாட்டுகளைத் தனித்தனியாக ஏற்றுவது. இதைப் பாவமாக நினைக்க வேண்டியதில்லை. பாடகர் மாறினால் ஹாண்டலே மாற்றி எழுதியிருக்கிறார். 1724-இல் பெண் குரலுக்கு எழுதிய செஸ்தோ (பொம்பேயின் மகன்) வேடத்தை, 1725-இல் போரோசீனி என்ற டெனருக்காக (உயர்ந்த ஆண் குரல்)த் திருத்திக் கொடுத்தவர் அவர். ‘எம்பியோ’வை ஒரு முழுப்படி ஏற்றி முயன்றோம். கீழே கேட்டது. ஆனால் ஓட்டங்கள் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு, கோபம் கீச்சலாக மாறியது. ரோமானியத் தளபதி இல்லை, மிதிபட்ட சேவல். ‘வா தாச்சிதோ’வை ஏற்றினால் அதில் கூடவே வரும் வால்வு இல்லாத ஹார்னுக்கு (ஊதுகொம்பு) வேறு குழாய் சொருக வேண்டும். ஹார்ன்காரர் தயார்தான், “என்னிடம் ஜி குழாய் இருக்கிறது” என்று உற்சாகமாகவே சொன்னார். ஆனால் அந்தப் பாட்டில் ஒலி குறைவாக இருப்பதுதான் அழகு. பதுங்கிப் போகிற வேடனுக்கு எதற்குச் சத்தம்? அதை அப்படியே விட்டோம்.

மிஞ்சியது மார்புக்குரல். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

நடு சி-க்குக் கீழே அவர் திணறிய சுரங்கள் ஒரு பாரிட்டோனுக்குச் சர்வசாதாரணம். தெருவில் நண்பரைக் கூப்பிடுகிற உயரம் அது. ஆனால் தேவாலயப் பயிற்சியில் அந்த வாசலைப் பூட்டியிருந்தார்கள். ஆல்ட்டோ வரிசையில் நிற்கிறவர் மார்புக்குரலைக் காட்டினால் வரிசையே கலைந்துவிடும். சிறுவயதிலிருந்து அவருக்கு அது ஒழுக்கக் குறைவு. சிலேட்டில், “அது என் குரல் இல்லை, என் அப்பாவின் குரல்” என்று எழுதினார்.

நான் தோசியைச் சொன்னேன். பியர் பிரான்செஸ்கோ தோசி, தானே காஸ்ட்ராட்டோ. 1723-இல் போலோஞாவில் வெளியிட்ட பாட்டுக்கலை நூலில், மார்புக்குரலையும் தலைக்குரலையும் வேறுபாடு தெரியாமல் இணைக்கப் பழக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்கிறார். அப்படியானால் செனெசீனோ தலைமுறைக்கும் இரண்டு குரல் இருந்தது, நடுவில் ஓர் ஒட்டு இருந்தது. அவர்களுக்கு அந்த ஒட்டு விழுந்த இடம் வேறு, அவ்வளவுதான். கீழே மார்புக்குரலைப் பயன்படுத்தினால் பழைய முறையை மீறுகிறோம் என்பதில்லை. சொல்லப்போனால் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறோம்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் குரல் திரும்பியதும் தினம் இருபது நிமிடம் மட்டும், பியானோவில் ஒரு சுரம் ஒரு சுரமாக இறங்கிப் பார்த்தோம். நடு சி-க்கு மேலே ஒன்றிரண்டு சுரங்களுக்குள் எங்கேயாவது மாற வேண்டும். ஆனால் எல்லாப் பாட்டிலும் ஒரே இடத்தில் இல்லை. ‘எம்பியோ’வில் மாறுவது கேட்டாலும் பரவாயில்லை, கோபத்தில் குரல் முரடாவது இயற்கை. ‘ஆல்மா தெல் கிரான் பொம்பேயோ’வில், பொம்பேயின் சாம்பல் முன் நின்று பேசும் உரைப்பாட்டில், மாறுவது கேட்கவே கூடாது. அங்கே கீழே போகப் போக ஒலியைக் குறைத்து, பேச்சுக்கு அருகே கொண்டுபோய் மாறினோம். ‘ஆவுரே’வில் மாறவே வேண்டாம் என்று முடிவு. கடலில் குதித்துத் தப்பிக் கரையேறியவன் காற்றைக் கூப்பிடும் பாட்டு அது. ஒரே சுரத்தில் மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி அடக்குகிற வேலை. கவுன்டர்டெனருக்கென்றே எழுதியதுபோல இருக்கும், நடத்துநர் ஒலியைக் கட்டுப்படுத்தினால். பாடகரின் பிரதியில் மாறும் இடங்களிலெல்லாம் பென்சிலால் சின்ன முக்கோணம் போட்டேன். மொத்தம் 41.

இரண்டாவது, நடத்துநர் தன் பக்கம் இறங்கி வந்தார். பாடகர் கீழே இருக்கும் அடிகளில் ஒரே நோட்டைப் பார்த்து வாசிக்கும் இரண்டு வயலின் மட்டும். சில இடங்களில் ஹார்ப்சிகார்ட், தியோர்போ (நீண்ட கழுத்துள்ள பெரிய தந்தி வாத்தியம்), ஒரு செல்லோ போதும். “இன்னும் கொடுங்கள்” என்பது அதன்பின் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. நல்ல மனிதர், சொன்னால் கேட்பவர். நாங்கள்தான் மூன்று நாள் தாமதித்துச் சொன்னோம்.

மூன்றாவது, திரும்பிப் பாடும் பகுதி. ஆரியாவின் முதல் பகுதியைக் கடைசியில் மறுபடி பாடும்போது அலங்காரம் பாடகரின் உரிமை. எழுதியபடி ஒருமுறை பாடிவிட்டு, திரும்பும்போது கீழ் வரிகளை மேலே தூக்கினோம். அவர் குரல் மின்னுகிற இடம் அதுதானே. இதுவரை சரி. ஆனால் களைப்பைக் குறைக்க ‘எம்பியோ’வின் திரும்பும் பகுதியையே வெட்டிவிடலாம் என்றார் இயக்குநர். நானும் ஆமோதித்தேன். இன்றுவரை அதை நினைத்தால் உறுத்துகிறது. திரும்ப வராத கோபம் பாதியில் எழுந்துபோன விருந்தாளி மாதிரி இருந்தது.

நான்காவது சுவரொட்டி. பாடகர் எழுத்தில் கேட்டுக்கொண்டார். வாசகத்தின்மேல் வேறு தாள் ஒட்டினார்கள். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இரண்டு பத்தி சேர்த்தோம்: நீங்கள் கேட்கப்போவது காஸ்ட்ராட்டோ குரல் இல்லை, அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது, முடிந்தாலும் கூடாது. கடைசி இரண்டு சொற்கள் பாடகர் சேர்த்தவை.

நான்கு இரவுகள்

முதல் இரவு நன்றாகப் போனது. ‘எம்பியோ’வில் குரல் கீழே விழுந்து முரடானபோது முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ‘ஆவுரே’ முடிந்ததும் சற்று நேரம் கைதட்டலே இல்லை, அப்புறம்தான் வந்தது. இரண்டாம் இரவு ஒட்டு இரண்டு இடத்தில் தெரிந்தது. தெரியாதவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாம் இரவுதான் எனக்குப் பாடம். பாடகருக்குச் சளி. மாற்று ஆளாக வைத்திருந்த மெஸ்ஸோ, இசைக்குழுவின் ஓரத்தில் நோட்டை வைத்துக்கொண்டு பாடினார். எங்களவர் மேடையில் வாயசைத்து நடித்தார். ஐந்து வாரம் நாங்கள் மல்லுக்கட்டிய கீழ் சுரங்கள் அத்தனையும் அந்தப் பெண்ணிடமிருந்து சாதாரணமாக வந்தன. முழு மார்புக்குரலில், வயலின்களைக் குறைக்காமலே. ‘எம்பியோ’ முதல்முறையாக எழுதியபடி ஒலித்தது. திரும்பும் பகுதியையும் பாடிவிடுகிறேன் என்று அவரே கேட்டார். பாடினார்.

அன்று இரவு இயக்குநர் ஒன்றும் பேசவில்லை. வரலாறு மெஸ்ஸோ பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது என்பதை மறைக்க முடியாது. அன்றைய லண்டன் தேவாலயங்களில் ஆண் ஆல்ட்டோக்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஆப்பராவில் காஸ்ட்ராட்டோ கிடைக்காதபோது ஹாண்டல் பொதுவாகப் பெண்களைத்தான் போட்டார். 1720 ஏப்ரலில் ஹாண்டலின் ‘ராதமிஸ்தோ’ ஆப்பராவின் தலைமை வேடத்தைப் பாடியவர் துரஸ்தாந்தி என்ற பெண். அதன்பின் லண்டன் வந்த செனெசீனோ டிசம்பரில் அதை எடுத்துக்கொண்டார். அதற்காகக் கவுன்டர்டெனர் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அந்த மெஸ்ஸோவின் ‘ஆவுரே’ சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். எங்களவரிடம் அந்தப் பாட்டில் இருந்த தனிமை அதில் இல்லை. எட்டு ஆரியாவில் எது யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க முடிந்தால் நன்றாக இருக்கும். முடியாது.

நான்காம் இரவு எங்களவர் திரும்பி வந்தார். காலையில் என்னைக் கூப்பிட்டு, ‘எம்பியோ’வின் திரும்பும் பகுதி தனக்கும் வேண்டும் என்றார். நடத்துநர் மறுக்கவில்லை. அலங்காரங்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, இரண்டாம் தடவையும் முழுசாகப் பாடினார். கடைசி அடியில் ஒட்டு அப்பட்டமாகத் தெரிந்தது. அவர் அதை மறைக்கப் பார்க்கவில்லை.

காட்சி முடிந்து பார்வையாளர்களோடு பேசும்போது ஒரு பெரியவர் எழுந்து, உங்களுக்கும் அந்த அறுவை செய்தார்களா என்று கேட்டார். கவுன்டர்டெனர்களுக்கு இது பழகிய கேள்வி. இவர், “இல்லை, எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்” என்று தன் பேச்சுக்குரலில் சொன்னார். அந்தக் கனத்த ஓசையைக் கேட்டதும் அரங்கம் சிரித்தது.

மறுபடி செய்தால்

ஒப்பந்தத்துக்கு முன்பே, காலி அரங்கத்தில், 415 சுருதியில், நான்கு வயலினும் ஒரு செல்லோவும் வைத்து ‘எம்பியோ’வை ஒருமுறை பாடச் சொல்வேன். அரை மணி நேர வேலை. மேல் சுரம் எவ்வளவு போகும் என்றே எல்லாத் தேர்விலும் கேட்கிறோம். இந்த வேடத்துக்குக் கேட்க வேண்டியது கீழே என்ன இருக்கிறது என்பதை.

மார்புக்குரலை ஒட்டும் பயிற்சி மாதக்கணக்கில் செய்ய வேண்டியது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு, அதுவும் வீங்கிய தொண்டையோடு. அவர் தேறியது அவருடைய சாமர்த்தியம். எங்கள் திட்டமிடலுக்கு அதில் பெருமை எதுவும் இல்லை.

முதல் நாள் மொரெஸ்கி பதிவைப் போடவிட மாட்டேன். போட்டே ஆகவேண்டும் என்றால் கடைசிக் காட்சி முடிந்தபின் போடலாம். சுவரொட்டி வாசகம் பாடகர் கண்ணில் பட்ட பிறகே அச்சுக்குப் போக வேண்டும். மாற்று ஆளுக்கு நாங்கள் காட்சிக்கு மட்டுமே சம்பளம் கொடுத்தோம், ஒத்திகைக்குக் கொடுக்கவில்லை. அந்த மூன்றாம் இரவுக்குப் பிறகு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று நாள் அவர் தாடை முன்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேனே, அன்றே மூடியைச் சாத்திவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

அதன்பின்

அடுத்த ஆண்டு அவர் பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் ‘கோடை நள்ளிரவுக் கனவு’ ஆப்பராவில் ஓபரான் வேடம் பாடினார். 1960-இல் ஆல்பிரட் டெல்லர் என்ற கவுன்டர்டெனருக்காகவே எழுதிய வேடம். கவுன்டர்டெனர் தொண்டையை மனதில் வைத்து எழுதியதால், அவர் பாடும் இடங்களில் இசைக்குழு ஒதுங்கி வழிவிடும், செலஸ்டா (மணியோசை தரும் விசைப்பலகை வாத்தியம்) மினுமினுக்கும். எந்தச் சண்டையும் இல்லாமல் பாடினேன் என்று தொலைபேசியில் சொன்னார்.

மூன்று ஆண்டு கழித்து வேறோர் ஊரில் மறுபடி சீசர் வந்தது. வெட்டு எதுவும் இல்லாமல், எட்டு ஆரியாவும் முழுதாக. நான் அங்கே இல்லை. ‘எம்பியோ’ பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதே பழைய பிரதி. என் பென்சில் முக்கோணங்களை அழித்திருந்தார், தாளில் தடம் மட்டும் தெரிந்தது. இரண்டு இடத்தில் மட்டும் விட்டுவைத்து, ஒன்றின் பக்கத்தில் தன் கையெழுத்தில் “அப்பா” என்று எழுதியிருந்தார்.